தேக்காவுக்கும் வழக்கறிஞர்கள் வேண்டும்: இளம் தமிழ் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் வழக்கறிஞர்களே, சட்டம் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கையரே,

2021ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 538 பேர் வழக்கறிஞர் தொழிலை விட்டு விலகினார்கள். அவர்களில் 310 பேர் ஐந்தாண்டு அனுபவம்கூட நிரம்பாதவர்கள். அடுத்த ஆண்டு வழக்கறிஞர் சங்கத்தின் தலைவராக இருந்த ஏட்ரியன் டான், இளையர்கள் இப்படிப் போவதைப் பற்றி வெளிப்படையாகக் கவலைப்பட்டுப் பேசினார். 2023இல் அவர் காலமாகிவிட்டார். அவர் பேசிய வெளியேற்றம் இன்னும் நிற்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் வகுப்புத் தோழர்களில் யார் யார் போய்விட்டார்கள், யார் யார் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்கள் பேசிக்கொள்வது எங்கள் காதிலும் விழுகிறது.

நான் வழக்கறிஞர் இல்லை. சிறிய லாயர் ஆபீஸ்களில் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்துத் தலை நரைத்தவள். உங்களுக்குச் சட்டம் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நீங்கள் உட்காராத நாற்காலிகளுக்கு எதிரே யார் வந்து உட்காருகிறார்கள் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். அதைச் சொல்லவும், ஒன்று கேட்கவும்தான் இந்த மடல்.

சட்ட நிறுவனங்களின் எதிர்காலம் என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். நான் வாசிக்கும் செய்திகளில் அந்த எதிர்காலம் எப்போதும் ராஃபிள்ஸ் பிளேஸிலும் மரினா பேயிலும்தான் நடக்கிறது. அனைத்துலக நடுவர் மன்றம், எல்லை தாண்டிய ஒப்பந்தங்கள், இந்திய நிறுவனங்கள் தங்கள் சச்சரவுகளைத் தீர்த்துக்கொள்ள சிங்கப்பூருக்கு வருவது. இவை உண்மைதான், பெருமைக்கு உரியவையும்தான். அமேசானுக்கும் ஃபியூச்சர் குழுமத்துக்கும் நடந்த வழக்கில், சிங்கப்பூர் நடுவர் மன்ற விதிகளின்படி நியமிக்கப்பட்ட அவசரகால நடுவரின் உத்தரவு இந்தியாவில் செல்லும் என்று 2021 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட வேலைக்குப் பெரிய நிறுவனங்களில் ஆள் குறையப் போவதில்லை. உங்களில் திறமையானவர்களை அவர்கள் தேடி வந்து எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய எதிர்காலத்தை நினைத்து எனக்குத் தூக்கம் கெடவில்லை.

என் கவலையெல்லாம் மற்ற அலுவலகங்களைப் பற்றியது. சிங்கப்பூரில் உள்ள சட்ட நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை ஐந்து வழக்கறிஞர்களோ அதற்கும் குறைவாகவோ உள்ளவை. தேக்காவைச் சுற்றி, பீப்பிள்ஸ் பார்க் சென்டரில், ஹை ஸ்திரீட் சென்டரில், பழைய கட்டடங்களின் மேல்மாடிகளில் ஒரு வழக்கறிஞர், ஓர் எழுத்தர், சுவர் நிறையக் கோப்புகள் என்று இருப்பவை. தமிழ் பேசும் முதலாளியம்மா ஒருவர் தன் கடைக் குத்தகையைப் பற்றிக் கேட்க வருவதும், லாரியிலிருந்து விழுந்த ஊழியர் ஊன்றுகோலோடு வருவதும் அங்கேதான். அந்த அலுவலகங்களை நடத்தும் வழக்கறிஞர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். உங்களில் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

ஓர் அலுவலகம் மூடினால் என்ன ஆகும் என்று நீங்கள் நினைத்துப் பார்த்ததுண்டா? வாடகைக்கு விடப்பட்ட இடம் கைமாறும், அவ்வளவுதான் என்று தோன்றலாம். அந்த அலமாரிகளில் பலருடைய உயில்கள் இருக்கின்றன. உயில் எழுதிய விவரத்தைப் பதிந்துவைக்க அரசாங்கப் பதிவகம் இருக்கிறது. ஆனால் பதிவது கட்டாயமில்லை, பதிந்தாலும் உயில் அங்கே வைக்கப்படுவதில்லை. வழக்கறிஞர் சங்கத்தின் சட்ட இதழைப் புரட்டுங்கள். காலமானவரின் பெயரைப் போட்டு, இவர் எழுதிய உயில் எந்த அலுவலகத்திலாவது இருக்கிறதா என்று தேடும் அறிவிப்புகளைப் பார்ப்பீர்கள். ஒரு குடும்பம் அப்பாவின் கடைசி விருப்பத்தை முன்பின் தெரியாத அலுவலகங்களில் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்பாவுக்குத் தமிழில் விளக்கி எழுதிக்கொடுத்த வழக்கறிஞர் இருந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும்.

இனி வேலையின் உள்ளே கொஞ்சம் அழைத்துப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான். அது ஒரு மனிதன் மேல் வந்து விழும்போது எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

துவாஸிலோ கிராஞ்சியிலோ தங்குவிடுதியில் இருக்கும் ஊழியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறார். வேலையிடத்தில் விழுந்து இடுப்பில் அடி. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் இன்னும் கடனாக நிற்கிறது. அவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி மனிதவள அமைச்சின் வழியாகக் கோரிக்கை வைக்கலாம். முதலாளிமேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. இல்லாவிட்டால் முதலாளியின் கவனக்குறைவு என்று நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கூடுதலாகக் கிடைக்கலாம், தோற்றால் ஒன்றுமில்லாமலும் போகலாம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. முதல் வழிக்கு விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். இரண்டாவதற்குப் பொதுவாக மூன்றாண்டு கெடு.

உங்களுக்கு இது தேர்வில் ஒரு கேள்வி. அவருக்கு இது வீட்டை மீட்பதா விற்பதா என்ற கேள்வி. எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய அவரிடம் கேட்டறிய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அன்றைக்கு ஏறச் சொன்னது யார்? பாதுகாப்பு வார் கொடுத்தார்களா, கொடுத்து மாட்ட இடம் இருந்ததா? முன்பு அதே இடத்தில் வேறு யாராவது விழுந்திருக்கிறார்களா? பக்கத்தில் நின்ற தோழர் இப்போது எங்கே, ஊருக்கு அனுப்பிவிட்டார்களா? இதையெல்லாம் அவர் தானாகச் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. "என் கவனக்குறைவுதான் அம்மா" என்றுதான் ஆரம்பிப்பார். முதலாளியைக் குறை சொன்னால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் தொண்டையில் நிற்கும். அந்தப் பயத்தைத் தாண்டிக் கேள்வி கேட்க அவருடைய மொழியில், அவருக்குப் பழகிய மரியாதையோடு, அவசரப்படாமல் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் யார் வருகிறார்கள் தெரியுமா? ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர் வருகிறார். மருத்துவமனை வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் நின்று, "நல்ல லாயர் இருக்கார், பெரிய தொகை வாங்கித் தருவார்" என்று தமிழில் பேசுகிறார். தரகருக்குக் கமிஷன் கொடுத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பது உங்கள் தொழிலில் தடை செய்யப்பட்ட குற்றம். ஆனாலும் அது நடக்கிறது. ஏன் நடக்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டும். அந்த ஊழியரிடம் அவர் மொழியில் முதலில் பேசியவர் தரகர் என்பதால்தான் நடக்கிறது. அந்த இடம் உங்களுடையது. நீங்கள் நிற்காததால் அவர் நிற்கிறார்.

இதைச் சொல்லும்போது நல்லது செய்பவர்களை மறந்துவிடக் கூடாது. இடம்பெயர்ந்த ஊழியர்களுக்கான டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் கஃப் ரோடு உணவுத் திட்டத்தை லிட்டில் இந்தியாவில் நடத்தி வருகிறது. வேலையில்லாமல் வழக்குக்காகக் காத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போட்டு, அவர்கள் கதையைக் கேட்டு, எங்கே போக வேண்டும் என்று வழி சொல்கிறார்கள். தமிழ் தெரியாத தொண்டர்களும் அங்கே வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த நீங்கள் இன்னும் அந்தத் தெருவுக்கு வரவில்லை.

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு நம்மில் யாருக்கும் மறக்காது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்து மோதி சக்திவேல் குமாரவேலு என்ற 33 வயது ஊழியர் இறந்தார். தொடர்ந்து கலவரம். 25 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அந்த நாட்களில் கட்டணம் வாங்காமல் வாதாடச் சில வழக்கறிஞர்கள் முன்வந்தார்கள். விசாரணைக் குழுவுக்கு முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமை வகித்தார். நீதிமன்றத்தில் நின்றவர்களில் பலருக்குத் தங்கள்மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது, ஒப்புக்கொண்டால் என்ன, மறுத்தால் என்ன என்பது தமிழில் விளங்க வேண்டியிருந்தது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் உண்டு, அவர் நீதிமன்றத்தின் ஆள். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இப்படிச் செய்தால் இப்படி ஆகும், நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்" என்று சொல்வது வழக்கறிஞரின் வேலை. அவசரமாக ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காகவே செய்யாததை ஒப்புக்கொள்ளத் துணிபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை தரப்படும் சிறப்பு அனுமதிச் சீட்டில் வேலையில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்க அவர்களால் முடிவதில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1958 முதல் சட்ட உதவிப் பிரிவு இருக்கிறது. 1985 முதல் குற்றவியல் சட்ட உதவித் திட்டம் நடக்கிறது. 2022 டிசம்பரில், குற்றம் சாட்டப்பட்ட வசதி குறைந்தவர்களுக்காக அரசாங்கமே தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றைத் திறந்தது. ஆனால் சட்ட உதவிப் பிரிவும் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகமும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. அவர்களிலும் வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்குக் கிடையாது. டாக்சி ஓட்டும் அப்பா, தாதியாக வேலை பார்க்கும் அம்மா என்று இருக்கும் குடும்பம் அந்த வரம்புக்கு மேலே, பெரிய நிறுவனத்தின் மணிக்கட்டணத்துக்கு வெகு கீழே நிற்கிறது. அந்த இடைவெளியில் இருப்பது சிறிய அலுவலகம் மட்டும்தான். அது போனால் அவர்களுக்கு யாரும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் அதற்கு எதிரி இல்லை. 2024இல் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தில், தாக்கல் செய்த ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து சீனம், மலாய், தமிழுக்கு மாற்றிப் படிக்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தது. அந்தத் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர்கள் வாதாட முடியாது, அவரவரே பேச வேண்டும். எதிராளி என்ன எழுதியிருக்கிறார் என்று பாட்டி ஒருத்தி தானே படித்துத் தெரிந்துகொள்வது பெரிய முன்னேற்றம். அதே நேரம், செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கிக் கொடுத்த, இல்லாத ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டியதற்காக ஒரு வழக்கறிஞர் தன் கைப்பணத்திலிருந்து எதிர்த்தரப்புக்கு 800 வெள்ளி கொடுக்க வேண்டும் என்று 2025இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கருவியைப் பயன்படுத்தலாம், அதன் வேலைக்குப் பொறுப்பு உங்களுடையது என்பதை நீதிமன்றம் 2024இலேயே சுற்றறிக்கையாகச் சொல்லியிருந்தது.

உங்கள் எதிர்காலத்தை இந்தக் கருவி எங்கே தொடப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் முதலிரண்டு ஆண்டுகள் நீங்கள் செய்யும் வேலை என்ன? ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்டிச் சுருக்கம் எழுதுவது, முன்தீர்ப்புகளைத் தேடுவது, ஒப்பந்தங்களை ஒப்பிடுவது. அதைத்தான் கருவி முதலில் எடுத்துக்கொள்கிறது. காயம்பட்டவர் சொல்லாமல் விட்டதைக் கேட்டு வாங்குவதும், பிள்ளைகளின் முன்னால் பேசத் தயங்கும் தாயைத் தனியே உட்காரவைத்து அவள் விருப்பம் என்னவென்று அறிவதும் அதன் கைக்கு எட்டாதவை. நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதாக நினைக்காதீர்கள். உங்கள் தொழிலில் எது நிலைக்கும் என்ற கணக்கைப் போட்டாலே சிறிய அலுவலகத்தின் வேலைதான் நிலைக்கும் பக்கத்தில் நிற்கிறது. ஆள் இல்லாமல் அது செத்துக்கொண்டிருப்பதுதான் கொடுமை.

உயில் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் எங்கும் கிடைக்கிறது. இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடன் இருந்து கையெழுத்திட வேண்டும், உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக நின்றால் அவர்களுக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும், மத்திய சேம நிதிப் பணம் உயிலுக்குள் வராது, அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும் என்பவற்றையெல்லாம் எந்தக் கருவியும் சொல்லிவிடும். ஆனால் நம் வீடுகளில் சிக்கல் அங்கே இருப்பதில்லை. மூத்த மகனுக்கு வீவக வீடு, ஊரில் இருக்கும் நிலம் யாருக்கு, கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் கணக்கில் எடுப்பதா, சண்டை போட்டுப் போன மகளுக்கு ஒன்றும் இல்லையா என்று அந்தப் பேச்சு இரண்டு மணி நேரம் போகும். தமிழ் முஸ்லிம் குடும்பம் என்றால் ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ், ஃபராயித் எனும் இஸ்லாமிய வாரிசுப் பங்கீட்டுக் கணக்கு என்று வேறு பாதை. அந்த இரண்டு மணி நேரம் பேச யாரும் இல்லாத குடும்பங்கள் பிறகு பத்தாண்டு பேசாமல் இருக்கின்றன.

இப்போது உங்கள்மேல் எனக்குள்ள வருத்தத்தைச் சொல்கிறேன். நீங்கள் தமிழை ஒரு தேர்வாக எழுதி முடித்துவிட்டீர்கள். மேல்நிலை வரை உயர்தமிழ் படித்து உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்கள் உங்களில் இருக்கிறார்கள். ஆனால் கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்ததும் ஆங்கிலத்துக்கு ஓடி, பக்கத்தில் இருக்கும் என்னைப் போன்ற எழுத்தரைப் பார்க்கிறீர்கள். தமிழில் பேசினால் திறமை குறைந்தவராகத் தெரிவோம் என்ற கூச்சம் உங்களுக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். எங்களிடமிருந்துதான் வந்தது. திருமண வரவேற்புகளில் பிள்ளை எந்த நிறுவனத்தில் இருக்கிறான் என்று கேட்டு, பெரிய பெயர் சொன்னால் முகம் மலர்ந்தும், தேக்கா பக்கம் என்றால் பேச்சை மாற்றியும் நாங்கள்தான் உங்களைப் பழக்கினோம். பெற்றோர்களும் உறவினர்களும் இந்த மடலைப் படித்தால் இந்த ஒரு வரியாவது அவர்களுக்கும் சேரட்டும்.

நம் முன்னோடிகள் இந்தத் தொழிலுக்கு வந்த வழியை நினைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. தமிழ்க் குடும்பம். அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப அவர் வாழ்ந்த கிளேர்வுட் வட்டாரத்து இந்தியர்கள் பணம் திரட்டினார்கள். சட்டம் படித்து முடித்தபோது நிறவெறி ஆட்சியில் எந்த வெள்ளையர் நிறுவனமும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. 1967இல் தானே அலுவலகம் திறந்தார். நேட்டால் மாநிலத்தில் சொந்தமாகச் சட்ட அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர். 1973இல் ராபன் தீவுச் சிறைக் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை வாதாடிப் பெற்றுத் தந்தார். பிறகு நீதிபதியாகி, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையராக இருந்தார். அவ்வளவு தூரம் போன பாதை ஒரு சின்ன அலுவலகத்தின் கதவிலிருந்துதான் தொடங்கியது. அவரைப் படிக்கவைத்த மக்கள்தான் அந்தக் கதவுக்கு முதலில் வந்திருப்பார்கள்.

சிங்கப்பூரிலும் சாதாரண மக்களுக்கு அருகில் நிற்கும் வழக்கறிஞர்களின் தேவையை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். குடும்ப வழக்குகளுக்கும் குற்றவியல் வழக்குகளுக்கும் ஆள் போதவில்லை, அதற்காகவே மூன்றாவது சட்டப் பள்ளி வேண்டும் என்று நீதிபதி வி.கே. ராஜா தலைமையிலான குழு 2013இல் பரிந்துரைத்தது. அதன்படி 2017இல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி தொடங்கியது. வேறு வேலை பார்த்துவிட்டு, குடும்பத்தோடு இருந்துகொண்டே அங்கே வந்து படிப்பவர்கள் உண்டு. அவர்களிடம் எனக்கு மிகுந்த நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளி மட்டும் இதைச் சுமக்க முடியாது.

உங்கள் தரப்பையும் நான் கேட்டிருக்கிறேன். படிப்புக் கடன் இருக்கிறது, சிறிய அலுவலகத்தில் சம்பளம் குறைவு என்கிறீர்கள். உண்மை. 2024 முதல் பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாகிவிட்டது, அந்த ஓராண்டும் குறைந்த உதவித்தொகையில் எப்படி ஓட்டுவது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சிறிய அலுவலகத்தில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மூத்தவர் காலை முழுவதும் நீதிமன்றத்தில், மாலையில் கோபத்தில் என்கிறீர்கள். அதுவும் நடப்பதுதான். மூத்தவர்களே, பிள்ளைகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதட்டலைப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் அலுவலகத்தை எடுத்து நடத்த யாரும் வர மாட்டார்கள்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் மூன்றாம் ஆண்டில் நீங்கள் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்திருப்பீர்களா? சிறிய அலுவலகத்தில் முதல் ஆண்டிலேயே நீதிபதியின் முன்னால் எழுந்து நிற்பீர்கள். சொந்தமாக அலுவலகம் தொடங்க வேண்டுமென்றால் மூன்றாண்டு வேறொருவரிடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மூன்றாண்டை எங்கே கழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நான்காம் ஆண்டில் உங்களால் தனியாக நிற்க முடியுமா என்பது இருக்கிறது. தொழிலை விட்டே போகிறேன் என்று சொல்லும் பலர் சோர்ந்துபோனதற்குக் காரணம் நேரம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நள்ளிரவு வரை செய்த வேலை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் போனதும் ஒரு காரணம். இங்கே அது தெரியும். வழக்கு முடிந்ததும் காயம்பட்ட ஊழியர் ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு மகள் பெயரைச் சொல்லிப் பேசவைப்பார்.

ஆகவே நான் கேட்பது இதுதான்.

பயிற்சி ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கப் போகும் மாணவர்களே, உங்கள் பட்டியலில் பெரிய பெயர்களோடு ஐந்து பேருக்கும் குறைவான ஓர் அலுவலகத்தின் பெயரையும் சேருங்கள். பேருக்குச் சேர்க்காமல் உண்மையாகவே நேர்காணலுக்குப் போங்கள். என்ன கற்றுத்தருவீர்கள், யார் என் வேலையைப் பார்த்துத் திருத்துவார் என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் வேறோர் அலுவலகத்துக்குப் போங்கள். எல்லாச் சிறிய அலுவலகமும் ஒன்றல்ல.

மூன்று நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று விலகல் கடிதம் எழுதிவைத்திருப்பவர்களே, அதைக் கொடுக்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள். ஓய்வு பெறும் வயதில் தனியாக அலுவலகம் நடத்தும் மூத்த தமிழ் வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் அலுவலகத்தை யாரிடம் விட்டுப் போகப் போகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியிருக்க மாட்டார். எத்தனை ஆண்டில் கைமாற்றுவது, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது, அந்த உயில்களும் கோப்புகளும் யார் பொறுப்பு என்று எழுத்தில் பேசி முடிவு செய்யுங்கள். நீங்கள் வந்தால் அந்தக் காகித அலமாரியைக் கணினிக்கு மாற்றலாம், மொழிபெயர்ப்புக் கருவியை முறையாகப் பயன்படுத்தலாம், குறைந்த செலவில் கூடுதல் பேருக்கு வேலை செய்யலாம். மூத்தவருக்குத் தெரியாதது அதுதான், உங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

பெரிய நிறுவனத்திலேயே இருக்கப் போகிறவர்களே, உங்களையும் விடவில்லை. புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் வழியாக மாதத்தில் ஒரு மாலையாவது இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பெயர் கொடுங்கள். கொடுக்கும்போது தமிழில் ஆலோசனை சொல்வேன் என்று எழுதிக் கொடுங்கள். முதல் சில வாரங்கள் தடுமாறுவீர்கள். வேலைக்காய இழப்பீடு, உயில், 2024 ஜூலையில் வந்த பரஸ்பர சம்மத மணவிலக்கு, இவற்றை ஒரு சாதாரண ஆளுக்குப் புரியும் தமிழில் எப்படிச் சொல்வது என்று சட்டம் கற்பிக்கும் மூன்று பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிவைத்தால் எல்லாருக்கும் பயன்படும். அந்த வேலைக்கு என்னைப் போன்ற எழுத்தர்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

எந்த அலுவலகத்துக்குப் போவதென்று தெரியாவிட்டால் சிராங்கூன் சாலையிலிருந்து தொடங்குங்கள். முதலில் தொலைபேசியில் பேசிவிட்டுப் போங்கள். காலையில் அவர்கள் பெரும்பாலும் ஹேவ்லாக் சதுக்கத்தில் அரசு நீதிமன்றத்தில் இருப்பார்கள். மாலை நான்கு மணிக்குமேல் போனால் ஆளைப் பார்க்கலாம்.

அன்புடன்,
ஒரு சட்ட அலுவலக எழுத்தர்
சிங்கப்பூர்